நில வழக்கில் திருத்த மனுவுக்கு முன்: பட்டா, வில்லங்கம், வழக்கு நிலை தரும் மூன்று அரசு இணையச் சேவைகள் ராமநாதபுரம் கடலோரத்தில் எவ்வளவு கைகொடுக்கின்றன?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரமாக நிலத் தாவா நடத்துகிறவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இரண்டு மனுக்களில் வந்து நிற்பார்கள். பிராதை, அதாவது வழக்கைத் தொடங்கிய மூல மனுவை, திருத்த அனுமதி கேட்பது ஒன்று. அது உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 6 விதி 17. விட்டுப்போன ஆளைத் தரப்பினராகச் சேர்க்கச் சொல்வது மற்றொன்று. அது கட்டளை 1 விதி 10(2). இந்த மனுக்கள் தள்ளுபடியாவதற்குப் பல நேரம் சட்டம் காரணமாக இருப்பதில்லை. சரியான உட்பிரிவு எண்ணும் முழுமையான ஆள் பட்டியலும் கையில் இல்லாமலே மனு எழுதப்படுவதுதான் காரணம்.

அந்த இரண்டையும் வீட்டிலிருந்தே எடுக்க மூன்று அரசுச் சேவைகள் உள்ளன. பட்டா, ஏ-பதிவேடு (கிராமத்தின் புல எண்களை வகையோடு காட்டும் பதிவேடு), புலப்படம் (புல எண்ணின் அளவு வரைபடம்) தருவது வருவாய்த்துறையின் இணையதளம். வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல், தருவது பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளம். வழக்கு நிலை தருவது இ-கோர்ட்ஸ். நில வழக்கு என்ற ஒரே கோணத்தில் மதிப்பெண் போட்டால் வில்லங்கத்துக்கு 5-க்கு 4, நிலப்பதிவேட்டுக்கு மூன்றரை, இ-கோர்ட்ஸுக்கு 3. எது ஒன்றையும் தனியாக நம்பக் கூடாது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், அதுவும் புரூஃப் அபிடவிட் (முதல் விசாரணைக்குப் பதிலாகச் சாட்சி தரும் பிரமாண வாக்குமூலம்) தாக்கல் ஆகும் முன்பே படித்தால், வழக்கின் பாதி ஓட்டையை அடைத்துவிடலாம்.

பட்டா, ஏ-பதிவேடு, புலப்படம்

மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்து, கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பட்டா விவரம் வந்துவிடும். முதல் இடறல் வட்டத்திலேயே இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்று 9 வட்டங்கள். கீழக்கரையும் ராஜசிங்கமங்கலமும் பிற்பாடு உருவானவை. பழைய கிரயப் பத்திரத்தில் ராமநாதபுரம் வட்டம் என்றிருக்கும் கிராமம் இன்று கீழக்கரை வட்டத்துக்குள் இருக்கலாம். பிராதின் சொத்து விவரத்தில் பழைய வட்டத்தை மட்டும் எழுதியிருந்தால், தீர்ப்பாணை கிடைத்தபின் அமீனாவும் சர்வேயரும் அதை வைத்துக்கொண்டு தடுமாறுவார்கள். திருத்த மனுவில் ‘முன்பு இன்ன வட்டம், தற்போது இன்ன வட்டம்’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பரப்பு. பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். 1 ஏர் என்பது 2.47 சென்ட். பட்டாவில் 0.12.50 என்றிருந்தால் 12.5 ஏர், அதாவது 30.89 சென்ட். பத்திரத்தில் 31 சென்ட் என்றிருக்கும். இது தகராறே இல்லை, முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம். பத்திரம் 45 சென்ட் சொல்லிப் பட்டா 31 சொன்னால்தான் விஷயம் இருக்கிறது: மீதி 14 சென்ட் எந்த உட்பிரிவுக்குள் போனது, அந்த உட்பிரிவின் பட்டாதாரர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் வழக்கில் இல்லையென்றால் சேர்ப்பு மனுவின் முதல் பெயர் அவருடையதுதான்.

ஏ-பதிவேட்டைப் பலர் திறப்பதே இல்லை. கடலோரத்தில் பட்டாவைவிட அதுவே முக்கியம். ‘கிழக்கே கடல்’ என்று நான்கெல்லை எழுதிய பத்திரங்கள் தேவிபட்டினம் பக்கம் கிடைக்கும். பெரியபட்டினம், வாலிநோக்கம் பக்கம் ‘தெற்கே கடல்’ என்றிருக்கும். பட்டா நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு புறம்போக்குப் புல எண் கிடப்பதை ஏ-பதிவேடு காட்டும். நீதிமன்றத்தில் கேட்கும் பரிகாரம் அந்தத் துண்டைத் தொட்டால் தமிழ்நாடு அரசு அவசியத் தரப்பினர். மாவட்ட ஆட்சியர் வழியாக அரசைச் சேர்க்க வேண்டும். வட்டாட்சியரை மட்டும் சேர்த்து நிறுத்திக்கொண்டால் போதாது. அரசைச் சேர்ப்பதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80 அறிவிப்பும், அதன்பின் இரண்டு மாதக் காத்திருப்பும் உண்டு. அவசரம் என்றால் பிரிவு 80(2)-ன் கீழ் நீதிமன்ற அனுமதி கேட்கலாம். ஆனால் அரசைக் கேட்காமல் எந்தப் பரிகாரமும் தரப்படாது. சேர்ப்பு மனு எழுத உட்காரும் முன்பே அறிவிப்பை அனுப்பிவிடுவது இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தும்.

பனையைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரங்களை அனுபவிக்கத் தருவது 2சி பட்டா. அது மரத்துக்கான உரிமை, மண்ணுக்கானது அல்ல. அரசு நிலத்தில் ஆக்கிரமிப்புக்குப் போடுவது பி-மெமோ. இந்த இரண்டையும் நில உரிமைக்கு ஆதாரமாகப் பிராதில் எழுதியிருந்தால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் முன் அந்தப் பத்தியைத் திருத்துவது நல்லது.

புலப்படத்தில் பக்கத்துப் புல எண்கள் விளிம்பில் எழுதப்பட்டிருக்கும். எல்லைத் தகராறு வழக்கில் யார் யார் பக்கத்து நிலத்துக்காரர் என்பதை அங்கிருந்தே பிடிக்கலாம். தாளின் அளவுக்குச் சுருக்கி அச்சிட்டால் அளவுகோல் கெட்டுவிடும். ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், கோட்டின் மேல் எழுதியுள்ள மீட்டர் அளவை மட்டும் எடுங்கள். மனுவோடு இணைக்க இந்த அச்சுப்படி போதும். சாட்சியத்தில் குறியீடு செய்ய, வட்ட அலுவலகத்தின் சான்றிட்ட நகலைத் தனியாக வாங்க வேண்டும்.

இந்தச் சேவையின் பெரிய குறை அதன் ஆழம். அது இன்றைய நிலையைத்தான் காட்டுகிறது. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் (நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம்) மறுபதிவில் பெயர் மாறியதும், பரப்பு குறைந்ததும் திரையில் தெரியாது. ராமநாதபுரம் ஜமீன் பகுதியாக இருந்ததால் அதற்கும் முந்திய கதை ஜமீன்களை ஒழித்த 1948-ம் ஆண்டின் 26-வது சட்டப்படி நடந்த செட்டில்மென்ட் பதிவேட்டில்தான் இருக்கும். ஜமீன் காலப் பத்திரங்களில் புல எண் இல்லாமல் நான்கெல்லை மட்டும் எழுதியவையும் உண்டு. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டை வட்ட அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்காமல் சொத்து விவரத்தைத் திருத்தினால், அந்தத் திருத்தத்தையே மறுபடி திருத்த வேண்டி வரும். ஒரே கோரிக்கையோடு இரண்டாவது முறை வருகிறவரை நீதிமன்றம் கனிவோடு பார்ப்பதில்லை.

ஏ-பதிவேட்டில் கோயில், தர்கா, வக்ஃப் என்று பெயர் வந்தால் சேர்ப்பு மனுவை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வக்ஃப் தீர்ப்பாயத்துக்கு உரிய விஷயங்களில் வக்ஃப் சட்டம் பிரிவு 85 சிவில் நீதிமன்றத்தைத் தடுக்கிறது. கோயில் நிலமென்றால் 1959-ம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் பிரிவு 108-ஐயும் படிக்க வேண்டும்.

வில்லங்கம்

மூன்றில் சிறந்தது இதுவே. 1975 முதலான வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு பதிவிலும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, தேதி, முந்தைய ஆவண எண், சொத்து விவரம் எல்லாம் இருக்கும். முந்தைய ஆவண எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் மூலப்பத்திரம் வரை போகலாம். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடது பக்கம் எழுதிக் கொடுத்தவர்களையும் வலது பக்கம் எழுதி வாங்கியவர்களையும் எழுதுங்கள். வலது பக்கம் வந்து மறுபடி இடது பக்கம் வராத பெயர் எதுவோ, அவரிடம் ஏதோ ஓர் உரிமை இன்னும் தங்கியிருக்கிறது. அவர் வழக்கில் இருக்கிறாரா என்று சரிபார்ப்பதுதான் தரப்பினர் சேர்ப்பின் அடிப்படை வேலை.

தேடும்போது உட்பிரிவோடு ஒரு முறை, உட்பிரிவு இல்லாத தாய்ப்புல எண்ணில் ஒரு முறை, பழைய எண் தெரிந்தால் அதில் ஒரு முறை எனத் தேட வேண்டும். 114/2பி-யில் மட்டும் தேடினால், அது 114/2-ஆக இருந்த காலத்துக் கிரயம் வராமல் போகலாம். கிராமம் வேறு சார்பதிவாளர் எல்லைக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் பார்க்க வேண்டும்.

கீழக்கரை போன்ற ஊர்களில் இந்தச் சேவைக்கு ஓர் இயல்பான எல்லை உண்டு. பெண் மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் அங்கே வலுவானது. அது பதிவு செய்த செட்டில்மென்ட் பத்திரமாக இருந்தால் வில்லங்கத்தில் வரும். வாய்மொழி ஹிபாவாக, அதாவது தானமாக, இருந்தால் வராது; முஸ்லிம் சட்டப்படி முறையாக நடந்த ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதியாத உயிலும் வராது. வாரிசுரிமை வரவே வராது. ஆகவே வில்லங்கம் ‘நில்’ (Nil, பதிவு எதுவும் இல்லை) என்று வந்தால் வேறு உரிமையாளர் இல்லை என்று பொருளாகாது. வீட்டில் யார் குடியிருக்கிறார், வீட்டு வரி ரசீது யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில் என்று நேரில் விசாரிப்பதை எந்தத் தளமும் ஈடு செய்யாது.

பாகப்பிரிவினை வழக்கில் பங்காளி ஒருவர் விட்டுப்போனால்கூட வழக்கு நிலைக்காது. ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு இறந்தால் முஸ்லிம் சட்டப்படி மனைவிக்கு 1/8, மகனுக்கு 7/16, மகள் ஒவ்வொருவருக்கும் 7/32. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு, கணக்கே மாறும். தாயை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. இந்துக் குடும்பங்களில் கல்யாணமாகிப் போன மகள்களை விட்டுவிடுவது அதே அளவுக்கு நடக்கிறது. மகள்களுக்கும் பங்கு தரத் தமிழ்நாட்டில் 1989-லேயே ஒரு திருத்தம், நாடு முழுவதற்கும் 2005 திருத்தம் என்று வந்தபிறகும் நடக்கிறது.

வழக்கு நடக்கும்போதே நிலத்தை வாங்கியவர் வில்லங்கத்தில் தென்பட்டால் பதற வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 52-ன்படி தீர்ப்பு அவரையும் கட்டும். ஆனாலும் அவரைச் சேர்ப்பது நடைமுறைக்கு நல்லது; நிறைவேற்று மனுவில் ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்று வந்து நின்று வருடக் கணக்கில் இழுப்பதை அது தடுக்கும். வாங்கியவரே உள்ளே வர விரும்பினால் கட்டளை 22 விதி 10-ன் கீழ் வரலாம். கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கு மட்டும் வேறு மாதிரி. ஒப்பந்தத்துக்கு வெளியே தனி உரிமை கொண்டாடுகிறவரை அதில் சேர்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லியிருக்கிறது. வில்லங்கத்தில் பெயர் வந்த எல்லோரையும் இழுத்துப் போட்டுக்கொள்வது வழக்கை வலுவாக்காது. அழைப்பாணை எல்லோருக்கும் போய்ச் சேர்வதிலேயே இரண்டு வருடம் போய்விடும்.

இந்தச் சேவை எல்லோருக்கும் திறந்திருப்பதில் ஒரு கத்தியும் இருக்கிறது. கட்டளை 6 விதி 17-க்கு வந்த 2002-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விசாரணை தொடங்கியபின் பிராதைத் திருத்த வேண்டுமானால், உரிய அக்கறையோடு முயன்றும் முன்பே அதை எழுப்ப முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்ப வைக்க வேண்டும். விசாரணை தொடங்குவது புரூஃப் அபிடவிட் தாக்கலாகும் நாளில். ‘2016 கிரயம் இப்போதுதான் தெரியவந்தது’ என்று மனுவில் எழுதினால், ‘இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் வில்லங்கத்தை ஏன் பார்க்கவில்லை?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். பதிவான ஆவணத்தை அறிந்ததாகவே சட்டமும் கருதுகிறது. பதில் சொல்வது கடினம். தரப்பினர் சேர்ப்புக்கு இந்தத் தடை இல்லை; ‘எந்தக் கட்டத்திலும்’ என்றுதான் விதி 10(2) சொல்கிறது. ஆனால் புதிய ஆளைச் சேர்த்தால் அவரைப் பற்றிய பத்திகளும் பிராதில் ஏற வேண்டுமே. அந்த இடத்தில் திருத்தத்தின் தடையை எதிர்த்தரப்பு கொண்டு வரும்.

தளம் சொல்லாத கணக்கு

வில்லங்கத்தில் எதிரி (பிரதிவாதி) பெயருக்கு ஒரு கிரயம் இருப்பது தெரிந்ததும், வெறும் நிரந்தர உறுத்துக் கட்டளை (தலையிடத் தடை) வழக்கு பலவீனமாகிவிடும். உரிமை மேல் நிழல் விழுந்துவிட்டால் விளம்புகையும் (உரிமை தனதே என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அனுபவமும் போயிருந்தால் சுவாதீனமும் (நிலத்தை ஒப்படைப்பது) கேட்க வேண்டும். காலக்கெடு இங்கேதான் கடிக்கும்: விளம்புகைக்குக் காலவரையறைச் சட்டம் சரத்து 58-ன்படி வழக்குரிமை முதலில் எழுந்ததிலிருந்து 3 ஆண்டுகள். எதிரி தன் எதிருரையில் உங்கள் உரிமையை மறுத்த தேதியைப் பாருங்கள்; அதற்கு முன்பே அறிவிப்பில் மறுத்திருந்தால் அந்தத் தேதியை எடுங்கள். 3 ஆண்டு தாண்டிய திருத்தத்தை எதிர்த்தரப்பு எளிதில் விடாது.

நீதிமன்றக் கட்டணமும் மாறும். 2017-லிருந்து மதிப்பின் மேல் 3 சதவீதம். சந்தை மதிப்பு 8,00,000 ரூபாய் என்றால், விளம்புகையும் அதைத் தொடர்ந்த உறுத்துக் கட்டளையும் கேட்கும்போது நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 25(பி)-யின்படி பாதி மதிப்பில் கட்டணம், 12,000 ரூபாய். விளம்புகையோடு சுவாதீனம் கேட்டால் 25(ஏ)-யின்படி முழு மதிப்பில், 24,000 ரூபாய். முன்பு கட்டியதைக் கழித்து மீதியைக் கட்டலாம். டிஎன்ரெஜிநெட்டில் வழிகாட்டி மதிப்பும் கிடைக்கிறது. அது சந்தை மதிப்புக்குச் சமமல்ல, ஆனால் அதற்கும் கீழே போட்டால் எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பும். மதிப்பு உயர்ந்து அந்த நீதிமன்றத்தின் பண வரம்பைத் தாண்டினால் பிராது திருப்பித் தரப்படும். ஆகவே மனுப் போடும் முன் இந்தக் கணக்கை வக்கீலோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

இ-கோர்ட்ஸ்

ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்து, எண்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா, இடைநிலை மனுக்கள், முடிந்த உத்தரவுகள் தெரியும். அன்றாடப் பயன் இவ்வளவே. சேர்ப்பு மனுவுக்கு உதவுவது தரப்பினர் பெயர்த் தேடல். எதிரியின் பெயரிலும், அவருக்கு விற்றவரின் பெயரிலும், நடப்பு, முடிந்தவை இரண்டிலும் தேடினால், இதே சொத்துக்கு வேறு யாராவது வழக்குப் போட்டிருப்பது தெரியவரலாம். முனியசாமி, முகம்மது போன்ற பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் நாலைந்து விதம் உண்டு. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுவாரியாகத் தேட வேண்டியிருப்பது அலுப்பான வேலை. உத்தரவு நகல் எல்லா வழக்கிலும் ஏற்றப்பட்டிருக்காது. கெடு எண்ணுவதற்குத் திரையை நம்பாமல் நகல் மனுப் போட்டு வாங்குங்கள்.

எதிரி இறந்துவிட்டால் இந்தத் தளம் உதவாது. 90 நாள் கெடு இறந்த தேதியிலிருந்தே ஓடும். அதைத் தாண்டினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்க இன்னும் 60 நாள். மொத்தம் 150 நாளும் போய்விட்டால் வாரிசுகளைச் சேர்க்கும் மனு, அற்றுப்போனதை நீக்கும் மனு, தாமதத்தை மன்னிக்கும் மனு என்று மூன்றும் வேண்டும். வழக்குப் போடும் முன்பே இறந்தவரை எதிரியாகக் காட்டியிருந்தால், வழக்கின் நடுவே இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்கும் கட்டளை 22 பொருந்தாது. மற்ற எதிரிகள் உயிரோடிருக்கும் வழக்கில் வாரிசுகளைக் கட்டளை 1 விதி 10-ன் கீழ் சேர்க்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

மனுவில் ஏற்றும்போது

எடுத்த தகவல் மனுவில் சரியாக ஏறாவிட்டால் உழைத்ததெல்லாம் வீண். ‘தேவையான திருத்தங்களை அனுமதிக்க வேண்டும்’ என்று எழுதக் கூடாது. எந்தப் பத்தி, எந்த வரி, எந்தச் சொல்லை நீக்கி எதை எழுத வேண்டும் என்று எழுத்துக்கு எழுத்து காட்ட வேண்டும். தலைப்பில் 4-ம் எதிரி என்று பெயர் சேர்த்துவிட்டு, அவர் எப்படி வழக்கோடு தொடர்புடையவர் என்று உள்ளே ஒரு பத்தி சேர்க்காமலும், பரிகாரத்தில் அவரைக் குறிப்பிடாமலும் விடுவது மிகச் சாதாரணமான தவறு. அவருக்கு எதிராகத் தீர்ப்பாணையில் ஒரு வரிகூட வராது. இரண்டு மனுக்களையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

உத்தரவு வந்தபின் நீதிமன்றம் சொன்ன நாளுக்குள் பிராதில் திருத்தத்தை ஏற்ற வேண்டும். நாள் சொல்லாவிட்டால் 14 நாள். தவறினால், நீதிமன்றம் கெடுவை நீட்டாதவரை, கிடைத்த அனுமதி பயன்படாது. திருத்திய பிராதின் சுத்தப் பிரதி, புதிய எதிரிக்கு அழைப்பாணை, படிக் கட்டணம் மூன்றும் அதே வாரத்தில் முடிய வேண்டும். காலவரையறைச் சட்டம் பிரிவு 21-ன்படி புதிய தரப்பினரைப் பொறுத்தவரை வழக்கு அவர் சேர்ந்த நாளில்தான் தொடங்குகிறது. நல்லெண்ணத் தவறால் விட்டுப்போனார் என்று நீதிமன்றம் ஏற்றால் மட்டும் முன்தேதியிடலாம். அந்தக் கோரிக்கையையும் சேர்ப்பு மனுவிலேயே, தனி வரியாக, எழுதிக் கேளுங்கள்.

கட்டணமும் வக்கீல் செலவும் தாங்க முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி. தொலைபேசி 15100. அங்கே போகும்போது பட்டா, ஏ-பதிவேடு, வில்லங்கம், சிஎன்ஆர் எண் நான்கையும் அச்செடுத்துக் கொண்டு போனால் நியமிக்கப்படும் வக்கீல் முதல் நாளே மனு எழுதத் தொடங்கலாம். வில்லங்கத்தை மட்டும் மனுத் தாக்கலுக்கு முந்தின நாள் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். இடையில் புதிய கிரயம் பதிவாகியிருந்தால் அந்தப் பெயரும் அதே மனுவில் ஏற வேண்டும்.